பூவந்தாழையில் மடங்கிய விரல்

1972ஆம் ஆண்டு பிப்ரவரி 25, தவக்காலத்து வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணிப் பூசை முடிந்த கையோடு, நாற்பத்தோரு பேர் கேட்டுக்கொண்டிருக்க, பூவந்தாழை ஊர்க் கமிட்டித் தலைவர் ஹில்லாரி மச்சாது பலிபீடத்தின் முன்னால் நின்று, திருவிழாவுக்கு வாங்கி வந்திருக்கும் புதுக் கொடிமரம் அசல் பர்மாத் தேக்கு என்று அறிவித்தார். அவர் சொல்லி வாயை மூடியதும், இடப்பக்கப் பீடத்தில் கண்ணாடிக் குழலுக்குள் நிமிர்ந்து நின்ற தோமையார் விரல் நடுக்கணுவில் மடங்கி, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டு, மறுபடி நிமிர்ந்தது.

அந்த விரல் ஊருக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் காய்ச்சலில் விழுந்து, இந்தக் கரையிலேயே இறந்து, வெள்ளிப் பாதம் வைத்த ஒரு கண்ணாடிக் குழலை விட்டுப் போனார் என்பது மட்டும் பரம்பரையாகச் சொல்லப்பட்டது. உள்ளே இருந்தது காய்ந்த புளியம்பழ நிறத்தில் ஒரு சுட்டுவிரல், நகத்தோடு. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மற்றவர்கள் பார்த்தோம் என்று சொன்னபோது நம்ப மறுத்து, காயத்தில் என் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாரே தோமையார், அந்த விரல்தான் இது என்று ஊர் நம்பியது. கூடவே வந்த சான்றுப் பத்திரத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. பத்திரம் போனதைப் பற்றி ஊருக்குக் கவலை இருந்ததில்லை.

மடங்கியதைப் பார்த்து அன்று யாரும் கூச்சல் போடவில்லை. கோயில் உபதேசியார் சந்தியாகு, மெழுகுதிரிச் சூட்டில் நரம்பு இளகியிருக்கும் என்று தீர்மானித்து திரிகளைத் தள்ளி வைத்தார். பெண்கள் இந்த வருடம் வெக்கை முந்திக்கொண்டது என்று பேசியபடி வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குசாமியார் கஸ்பார் பிரசங்கத்தின் நடுவே, உங்கள் எல்லாரையும் என் சொந்தப் பிள்ளைகளைப் போல நேசிக்கிறேன் என்றார். விரல் மடங்கியது. சனம் முழுவதும் விரலைப் பார்த்துவிட்டுச் சாமியாரைப் பார்த்தது. சாமியாரும் விரலைப் பார்த்தார், சற்று யோசித்தார், பிறகு, "பெரும்பாலானவர்களை" என்று திருத்திச் சொன்னார். விரல் நிமிர்ந்தது. அன்று மாலையே நாலைந்து பேர் போய்க் கொடிமரத்தை அரிவாள் முனையால் சுரண்டிப் பார்த்தார்கள். வார்னிஷுக்குக் கீழே சவுக்கு இருந்தது.

அதன் பிறகு ஊர் தன்னைப் பழக்கிக்கொள்ள ஆரம்பித்தது. முதலில் எல்லை தெரிய வேண்டியிருந்தது. ஒருவரைப் பீடத்தின் அருகே நிற்க வைத்துவிட்டு, இறால் என்றால் உயிரை விடும் இன்னொருவர், எனக்கு இறால் பிடிக்காது, எனக்கு இறால் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனார். கோயில் முற்றத்தைத் தாண்டி, குருசடியைத் தாண்டி, தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் விரல் அவரைச் சும்மா விட்டது. ஆக, கம்பம்தான் எல்லை. மீன் ஏலம் காலங்காலமாகக் கோயிலுக்கு எதிரே நடந்து வந்தது, அது ஐஸ் கம்பெனிக்குப் பின்புறம் போய்விட்டது. டீக்கடையும் அதோடு போனது. பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கூட நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்தார்கள், ஏனென்றால் சாமியாரிடம் பாவம் சொல்கிறவர் உள்ளே மெல்லச் சொல்வதையும் வெளியே வரிசையில் நிற்பவர்கள் விரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அதற்கு எதிராக, கம்பத்துக்கு வெளியே இருந்த சில விஷயங்கள் உள்ளே வந்தன. கல்யாணப் பேச்சு அதில் முக்கியமானது. பையன் குடிக்க மாட்டான், பெண்ணுக்கு இதுதான் வயது, நகை எல்லாம் சொந்த நகை என்ற வாக்கியங்கள் கண்ணாடிக் குழலுக்கு முன்னால் சொல்லப்பட்டன. அப்படிப் பல சம்பந்தங்கள் முறிந்து, யாரும் எதிர்பாராத ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் வாக்குக் கேட்க வந்தவர்கள் கம்பத்தடியில் நின்று கைகூப்பிவிட்டு, பேசாமல் திரும்பினார்கள்.

விரலுக்கும் சில வரம்புகள் இருந்தன. கேள்விக்கு அது மடங்காது, கேள்வியில் பொய் இல்லை என்பதால். இருக்கலாம், போயிருக்கலாம் என்ற பேச்சுக்கும் மடங்காது. நாளை பற்றி அதற்கு அக்கறையே கிடையாது; நாளைக்குச் சாளை மீன் வாரும், நாளைக்குக் காற்று திரும்பும் என்று மீன்பிடி வல்லக்காரர்கள் முறைவைத்துச் சொல்லிப் பார்த்துச் சலித்துப் போனார்கள், நாளை இன்னும் உண்மையாகவும் ஆகவில்லை, பொய்யாகவும் ஆகவில்லை என்பதுபோல அது பேசாமல் நின்றது. இதெல்லாம் பிடிபட்டதும் கம்பத்துக்கு உட்பட்ட தெருக்களில் குடியிருந்தவர்கள் மெல்ல மெல்லக் கேள்வியாகவே பேசப் பழகினார்கள். குழம்பு நல்லா இருக்கா என்று பெண்டாட்டி கேட்டால், நல்லா இல்லாமலா இரண்டாம் தரம் வாங்குதேன் என்று புருசன் கேட்டான்.

எமரென்சியாள் மட்டும் நேராகப் பேசினாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை. அவள் புருசன் தொபியாஸ் 1970 நவம்பர்க் காற்றில், வேறு இரண்டு பேரோடு வல்லத்தில் கடலுக்குப் போனவன்; அந்த இருவரின் உடலும் கரை சேர்ந்தன, அவன் உடல் சேரவில்லை. கரை சேராதவனுக்கு என்று பூவந்தாழையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் பார்ப்பார்கள். அதுவரை கடலுக்குப் போகிற வல்லங்கள் அவன் பங்கு மீனை அவன் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும். வருடம் கழிந்ததும் ஒரு பெட்டி செய்து, அதில் அவன் சட்டையையும் வலைத்துண்டையும் வைத்து, பெண்டாட்டியின் தாலியைக் கழற்றி அதன் மேல் வைத்து, மந்திரித்து அடக்கம் செய்வார்கள். அதோடு பங்கும் நிற்கும். தொபியாஸின் வெறும்பெட்டி அடக்கத்துக்கு, ஊர் கொஞ்சம் தாராளமாகவே காத்திருந்துவிட்டு, 1972 உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வாரத்தில் நாள் குறித்திருந்தது.

விரல் மடங்க ஆரம்பித்த மூன்றாவது வாரம், பூசை முடிந்து சனம் கலையும்போது எமரென்சியாள் இடப்பக்கப் பீடத்துக்குப் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "அவிய உயிரோட இருக்காவ" என்றாள். விரல் அசையவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அசையவில்லை. அடக்கத்துக்குக் குறித்த நாள் ரத்தானது. தச்சர் செய்து முடித்திருந்த பெட்டியில் உபதேசியார் பழைய பூசை உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வந்து சொன்னாள். நேற்று உயிரோடு இருந்தவன் இன்று இல்லாமல் போகலாம் என்பதால் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. உபதேசியார் திரிகளை அணைத்துக்கொண்டே கேட்பார்:

"என்ன எமரி, இன்னைக்கும் உண்டா?"

"உண்டு மாமா."

"அப்ப சரி. போயி காப்பியக் குடி."

அவள் தலையில் பூ வைத்துக்கொண்டாள், நிறச் சேலை கட்டினாள், பங்கு மீனை வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் அவள் சொல்லும்போது விரல் மடங்கிவிடுமோ என்று பார்க்கவே சிலர் பூசைக்கு வந்தார்கள். மடங்கவில்லை.

செய்தி பத்திரிகையில் வந்தது. வெளியூர்க் கூட்டம் வந்தது, பெரும்பாலும் புருசனைக் கூட்டிக்கொண்டு பெண்டாட்டிகள். ஆயர் இல்லத்துக்குக் கடிதங்கள் போயின, அவற்றில் பாதி விரலைப் புகழ்ந்தும் பாதி அதனால் குடும்பம் கெட்டது என்றும். செப்டம்பரில் ஆயர், அருள்திரு லெயோனார்து மோத்தாவை விசாரணைக்கு அனுப்பினார். மோத்தா ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்தவர், ஒல்லியானவர், வயிறு சரியில்லாதவர், போகும் இடமெல்லாம் காய்ச்சிய தண்ணீரைத் தானே பாட்டிலில் கொண்டு போகிறவர். பேருந்திலிருந்து இறங்கிக் கோயில் வாசல்வரை வந்து, கூடி நின்ற சனத்தைப் பார்த்து, "யாரும் கலங்க வேண்டாம். நான் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

உள்ளேயிருந்து உபதேசியாரின் குரல் வந்தது: "மடங்கிட்டு!"

மோத்தா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளதைச் சொன்னார். புனிதரின் எச்சமான இந்தத் திருப்பண்டம் உண்மையானது என்று தெரிந்தால், இப்படிப்பட்ட ஒன்றைக் கடற்கரையில் காவல் இல்லாமல் வைக்க முடியாது, பேராலயத்துக்குக் கொண்டுபோய் இரும்புப் பெட்டகத்தில் வைக்க வேண்டும்; பொய்யானது என்று தெரிந்தால், சட்டப்படி யாரும் கால் வைக்காத இடத்தில் புதைத்துவிட வேண்டும். இதைத்தான் ஆயர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இந்த முறை உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

ஊர்க் கமிட்டி ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கூடியது. ஹில்லாரி மச்சாது எழுந்து, "அசல்னாலும் போயிரும், போலின்னாலும் போயிரும். இனி என்னவே செய்ய?" என்றார்.

"ரெண்டும் இல்லேன்னு சொல்லிருவோம்" என்றார் ஒருவர்.

"ரெண்டும் இல்லேன்னா பிறகு என்ன, முருங்கக்காயா?"

"உமக்கு அது இருந்தா என்ன போனா என்ன வே, கொடிமரத்த யாவாரம் பண்ணுன ஆளு."

"கொடிமரத்த விடமாட்டியளே. செத்தாலும் என் பெட்டி மேல சவுக்குன்னுதான் எழுதுவிய."

சிரித்து முடித்த பிறகு, ஊருக்கு ஏற்கெனவே கைவந்திருந்த வழியையே பின்பற்றுவது என்று தீர்மானமானது. மறுநாள் காலை கோயிலுக்குள் மேசை போட்டு மோத்தா சாட்சி கேட்க ஆரம்பித்தார். முதலில் மச்சாது உட்கார்ந்தார்.

"உங்கள் பெயர்?"

"ஹில்லாரி மச்சாதுன்னுதானே சாமி ஊர்ல கூப்பிடுதாவ?"

"இந்த விரல் மடங்கியதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

"கோயிலுக்கு வந்தவன் கண்ண மூடிட்டா சாமி நிப்பான்?"

"பார்த்தீர்களா இல்லையா?"

"பாக்காதவன எதுக்கு சாமி முதல்ல கூப்புட்டிய?"

இப்படியே மத்தியானம்வரை போனது. உபதேசியார், தம் பங்குக்கு, சாமிக்கு வயிறு சரியில்லையே, ஒரு இளநீர் வெட்டச் சொல்லட்டுமா என்று நடுநடுவே கேட்டார். மோத்தா கோபப்படவில்லை. தம் ஊரிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார். டாக்டர் குழலைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கணுக்களைத் தொட்டு, இது மனித விரல் என்று சொன்னார், விரல் அசையவில்லை. ஆணுடையது என்றார்; அசையவில்லை. நூறு வருடத்துக்கு முந்தியது என்று சொல்ல வாயெடுத்தவர், எல்லாரும் குழலையே பார்ப்பதைக் கண்டு, இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டு, பெட்டியை மூடினார்.

அதற்குப் பிறகு மீதியிருந்தது ஒரே வழி. அது பூவந்தாழையில் எல்லாருக்கும் எப்போதோ தோன்றியிருந்தது, ஆனால் யாரும் செய்து பார்க்கத் துணியவில்லை. சனிக்கிழமை காலை, பூசைக்கு வந்தவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க, மோத்தா குழலுக்கு முன்னால் போய் நின்று, தெளிவான குரலில், "இது தோமையாருடைய விரல்" என்றார்.

விரல் மடங்கியது.

கோயிலுக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒன்றாக. சிலர் முழங்காலில் நின்றார்கள். பங்குசாமியார் கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மோத்தா எந்த வழக்கிலும் இரண்டு தரப்பையும் கேட்டுப் பழகியவர், ஆகவே விரல் நிமிரும்வரை காத்திருந்து, அதே குரலில், "இது தோமையாருடைய விரல் அல்ல" என்றார்.

விரல் மறுபடியும் மடங்கியது.

அவர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஆம் என்றாலும் மடங்கியது, அல்ல என்றாலும் மடங்கியது. கடைசியில் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"அவரு குணமே அதுதானே சாமி" என்றார் கஸ்பார் மெதுவாக. "தன் விசயத்துல மட்டும் எப்படி நம்பிருவாரு?"

ஹில்லாரி மச்சாது இதுதான் சமயம் என்று பார்த்தார். வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு முன்னால் வந்து, கைகளைக் கூப்பி, திருவிழாக்களில் பேசுகிற குரலில், "சாமி, அசலுமில்ல போலியுமில்லன்னு ஆயிட்டு. பெறவு இத எதுக்குக் கொண்டு போகணும்? இது இங்கேயே இருக்கணும்னுதான் இந்த ஊர்ச் சனம் மொத்தமும் ஆசப்படுது" என்றார்.

கேள்வியாகப் பேச வேண்டும் என்ற தீர்மானத்தை உணர்ச்சி வேகத்தில் அவர் மறந்துவிட்டார். விரல் மடங்கியது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏலத்துக்கு ஐஸ் கம்பெனிவரை கூடை சுமந்து நடந்த பெண்கள், சம்பந்தம் முறிந்த வீட்டுக்காரர்கள், சொந்த அடுப்படியில் கேள்வியாகப் பேசிக் களைத்தவர்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடமாக ஒரு வெறும் பங்கைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வல்லக்காரர்கள், பிரசங்கத்தை எழுதி எழுதி அடித்த பங்குசாமியார், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மச்சாது கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எமரென்சியாள் எழுந்து வந்தாள். "எனக்கு வேணும்" என்றாள். விரல் நிமிர்ந்தே நின்றது.

மோத்தா அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தன் கதையைச் சொன்னாள், கேள்வியாக அல்ல, காற்றடித்த நாளிலிருந்து நேராக. "தினமும் சொல்லுதேன் சாமி. ஒரு நாள் மடங்குனதில்ல. இது போயிட்டுன்னா நான் எத வச்சுத் தெரிஞ்சுக்கிடுவேன்? மறுநாளே பெட்டியக் கொண்டு வந்துருவாவ. உசிரோட இருக்கவிய பேருக்கு என் தாலியக் கழத்தி மண்ணுக்குள்ள வைப்பாவ."

மோத்தா அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், விசாரணைக்காரர் கேட்கிறபடி, "உயிரோடு இருக்கிறவர் ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டார்.

கேள்விகள் மலிந்து போன அந்த ஊரில் அந்த ஒரு கேள்வியை மட்டும் இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. எமரென்சியாள் பதில் இல்லாமல் இல்லை. இத்தனை காலமும் தூங்கப் போகும்போது ஒன்றும் எழுந்திருக்கும்போது ஒன்றுமாக அவள் சேர்த்து வைத்திருந்த பதில்கள் இருந்தன. அவள் விரலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அக்கரையில ஜெயில்ல கெடக்காவ" என்றாள். விரல் மடங்கியது. அவள் அது நிமிரும்வரை நின்றாள்.

"காலு ஒடஞ்சு, யாரு வீட்டுலயோ படுத்துக் கெடக்காவ." மடங்கியது.

"தலையில அடிபட்டு ஊரு பேரெல்லாம் மறந்து போச்சு." மடங்கியது.

"தோணி கெடைக்கல. வர வழியில்லாம இருக்காவ." மடங்கியது.

"போதும் எமரி, வந்துருட்டி" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொன்னாள். எமரென்சியாள் திரும்பவில்லை. இதுவரை வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் இப்போது குழலுக்கு இன்னும் ஓரடி கிட்டப் போனாள்.

"அவியளுக்கு என்கிட்ட வரணும்னு இருக்கு" என்றாள்.

விரல் மடங்கியது. கொடிமரத்துக்கும் பிரசங்கத்துக்கும் இறாலுக்கும் எவ்வளவு மடங்கியதோ அவ்வளவே மடங்கியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு நிமிர்ந்தது.

"அவிய நல்லா இருக்காவ" என்றாள் எமரென்சியாள்.

விரல் அசையவில்லை.

அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "சரி சாமி. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் போகாமல், நடுவழியாக நடந்து வெளியே போனாள். அவளுக்கு வழிவிடச் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. அன்று மாலை மோத்தா, கம்பத்துக்கு உள்ளே இருந்த சாமியார் பங்களா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவள் வேலியோரம் வந்து நின்று, எனக்கு அது வேண்டாம், கொண்டு போயிருங்க என்றாள். கோயிலுக்குள் கிராதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உபதேசியார், அந்த நேரத்தில் விரல் அசையவில்லை என்று பிறகு சொன்னார்.

மோத்தாவின் அறிக்கை அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. இந்த விரல் தோமையாருடையது என்று சொல்வது பொய், அல்ல என்று சொல்வதும் பொய், இதற்கு மேல் விசாரிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று அவர் எழுதினார். ஆயர் அதை இருமுறை படித்துவிட்டு, அப்படியானால் புதைக்கவும் வேண்டாம், பெட்டகத்திலும் வைக்க வேண்டாம், நம் இல்லத்து அலமாரியில் இருக்கட்டும் என்று பதில் எழுதினார். குருக்கள் கூட்டம் நடக்கும் கூடம் அந்த அலமாரிக்கு அடுத்த அறை என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது. கூட்டங்கள் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன.

விரலைப் பூவந்தாழை பேண்டு வாத்தியத்தோடு வழியனுப்பியது. பீடத்திலிருந்து பேருந்து நிறுத்தம்வரை குடைபிடித்துக் கொண்டுபோனார்கள், பெண்கள் அழுதார்கள், வெடி போட்டார்கள். ஹில்லாரி மச்சாது வழியனுப்பு உரை எழுதி வைத்திருந்தார். ஆனால் மோத்தாவையும் அவர் மடியிலிருந்த பையையும் சுமந்துகொண்டு பேருந்து புறப்பட்டு, உப்பளத் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவர் பெஞ்சின் மேல் ஏறினார். இந்தப் பிரிவை எங்கள் நெஞ்சு தாங்காது என்று அவர் தொடங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

முதல் சில வாரங்களுக்குப் பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஏலம் கோயிலுக்கு எதிரே திரும்பி வந்தது, டீக்கடையும் வந்தது, பாவசங்கீர்த்தனத் தொட்டி வந்தது, பிரசங்கம் பழைய நீளத்துக்கு வளர்ந்தது. கேள்வியாகப் பேசுகிற பழக்கம் மட்டும் சில வீடுகளில் தங்கிவிட்டது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதல் வருடம் அதில் சிரமப்படுகிறார்கள்.

எமரென்சியாளை என்ன பேர் சொல்லி அழைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. கைம்பெண் என்று சொல்ல முடியாது, அவன் உயிரோடு இருக்கிறான் என்று எல்லார் காதும் கேட்டிருக்கிறது. புருசன்காரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. கமிட்டியில் இரண்டு தடவை பேசி, முடிவு எட்டாமல் விட்டார்கள். வெறும்பெட்டி அடக்கம் கிடையாது என்பது மட்டும் தீர்மானமானது, பங்கு மீன் தொடரலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அவளே அதை வேண்டாம் என்றாள். ஒரு நாள் கழுத்தில் தாலி இல்லாமல், அதே நிறச் சேலையோடும் தலையில் பூவோடும் தெருவில் வந்தாள். கையில் புதிதாக ஒரு தராசும் பெரிய அலுமினியக் கூடையும் இருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏலத்தில் மற்றப் பெண்களோடு நின்று சாளை எடுத்து, பேருந்தின் பின்பக்கம் ஏறி, பக்கத்து ஊர்ச் சந்தைகளுக்குக் கொண்டு போய் விற்றாள். மீனைப் பற்றி அவள் வாயில் பொய் வராது என்று சந்தையில் பேர் எடுத்தாள். நேற்றைய மீன் என்றால் நேற்றைய மீன் என்றே சொன்னாள், அதற்கும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

1978 அக்டோபர் 19, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிப் பேருந்தில் தொபியாஸ், இலங்கையின் கற்பிட்டிக் கரையில் தனக்கு இருந்த வீட்டையும் அந்த வீட்டுப் பெண்ணையும் விட்டுவிட்டு, ஒரு தோல்பையோடு பூவந்தாழையில் வந்து இறங்கினான். உடம்பு சற்றுப் பெருத்திருந்தது. ஊர் கூடியது. கோயில் முற்றத்தில் நின்று, ஒரு நாள் கூட எமரியை நினைக்காமல் இருந்ததில்லை என்று சொல்லி அவன் அழுதான், கேட்டவர்களில் பலரும் அழுதார்கள். சந்தைக்கு ஆள் அனுப்பினார்கள். எமரென்சியாள் செய்தியைக் கேட்டுக்கொண்டு, கூடையில் மீதியிருந்த சாளையை விற்றுத் தீர்த்து, தராசைக் கழுவி வைத்துவிட்டு, மூன்று மணிக்கு ஊர் திரும்பினாள். தொபியாஸ் ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிப் போனான். டிக்கெட் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.